கழற்றுவதற்காகத் தைத்த தொப்பி

என் அப்பாவின் தலையை ஒருத்தி போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று என் மனைவி வந்து சொன்னபோது நான் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். நம்பவில்லை. எங்கப்பா தலையில் போட்டோ எடுக்கும்படி ஒன்றும் கிடையாது. முன்னால் வழுக்கை, பின்னால் கொஞ்சம் வெள்ளை முடி. அதைப் போய் ஒருத்தர் எடுக்கிறார் என்றால் ஒன்று ஆதார் கார்டுக்காக இருக்க வேண்டும், இல்லை போலீசாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத ஒருத்தி காரில் வந்து இறங்கி எடுக்கிறாள் என்றால் அதில் ஏதோ இருக்கிறது.

நான் தொப்பி தைக்கிறவன். சூலூரைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே, தறிக்குடோன்களுக்கு நடுவில் ஒரு தகர ஷெட். பள்ளிக்கூட விளையாட்டு விழாத் தொப்பி, பழனிக்கு நடந்து போகிறவர்களின் தொப்பி, சிமெண்ட் கம்பெனிக்காரர்கள் கொத்தனார்களுக்குச் சும்மா கொடுக்கும் தொப்பி எல்லாம் என் கைவேலைதான். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் தைப்பேன். ஜெயித்த கட்சி பாக்கி தரத் திரும்பி வராது, தோற்ற கட்சி துணியை என்னிடமே விட்டுவிடும். இரண்டு வழியிலும் எனக்குத்தான் நஷ்டம் என்பதைக் கண்டுபிடிக்கவே பல தேர்தல் ஆகிவிட்டது.

இதில் பெரிய வேடிக்கை, நான் தைக்கிற எந்தத் தொப்பியும் என் தலைக்குச் சேராது. அவ்வளவு பெரிய தலை. இவ்வளவு இடத்தை எதற்குடா சும்மா போட்டு வைத்திருக்கிறாய் என்று வாத்தியார் ஒருநாள் கேட்டார். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அந்த இடம் இன்றைக்கும் காலி மனையாகத்தான் கிடக்கிறது. அதில் சந்தேகம் மட்டும் நன்றாக முளைக்கும்.

வெளியே போய்ப் பார்த்தேன். எங்கப்பா எதிரில் இருக்கும் நூல் மில்லில் வாட்ச்மேன். வேலை முடிந்து வந்து ஷெட் வாசலில் பழைய லாரி டயர் மேல் உட்கார்ந்து, ரோட்டுக்கு முதுகைக் காட்டி டீ குடித்துக்கொண்டிருந்தார். தலையில் நான் தைத்துக் கொடுத்த தொப்பி. அவருக்குப் பின்னால் ஒரு கார். காருக்குப் பின்னால் குனிந்து நின்று ஒரு பெண் கேமராவைத் திருகிக்கொண்டிருந்தாள். ஆம்பளைச் சட்டை, முழங்கை வரை மடித்துவிட்டிருந்தாள்.

"வழி தெரியலீங்களா அம்மிணி?" என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் ஒருத்தர் மேல் சந்தேகம் வந்தால் இப்படித்தான் விசாரிப்போம்.

"இந்தத் தொப்பி யாருங்ணா தைச்சது?"

"எந்தத் தொப்பிங்க?" என்றேன். கண்ணுக்கெட்டிய தூரம் வரை இருந்ததே ஒரு தொப்பிதான்.

பேச்சுச் சத்தம் கேட்டு எங்கப்பா திரும்பினார். காரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். உடனே எழுந்து தொப்பியைக் கழற்றி, அதன் பக்கவாட்டில் இருந்த பட்டையைப் பிரித்து, இடுப்பு பெல்ட்டில் சுற்றி, பட்டனை அழுத்தினார். ஒரு நொடி வேலை. தொப்பி இடுப்பில் தொங்கியது. இரண்டு கையும் சும்மா இருந்தது. கேட்டே இல்லாத இடத்தில் கேட் திறக்கத் தயாராக நின்றார்.

அவள் கண் தொப்பியை விட்டுவிட்டு அந்தப் பட்டைக்குப் போனது.

முதலில் வரி ஆபீஸ் என்று நினைத்தேன். ஆனால் வரி ஆபீஸ்காரர்கள் தண்ணீர் கேட்க மாட்டார்கள், இவள் கேட்டு வாங்கிக் குடித்தாள். அடுத்து, திருப்பூரில் யாரோ என் கட்டிங் அளவைத் திருடி வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அதற்கு என்னிடம் ஒரு சோதனை உண்டு. தொழில்காரர்கள் தொப்பியை வாங்கினால் முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். மட்டமான கேன்வாஸ், விட்டுப்போன தையல், ஒட்டுத்துணி, எல்லாத் திருட்டுத்தனமும் அங்கேதான் இருக்கும். ஷெட்டுக்குள் கூட்டிப்போய் ஒரு தொப்பியை அவள் கையில் கொடுத்தேன். அவள் திருப்பிப் பார்க்கவில்லை. மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள்.

போட்டிக் கம்பெனி ஆள் இல்லை என்று தெரிந்தது. அப்புறம்தான் உண்மையிலேயே பயம் வந்தது. திருட வந்தவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். மோந்து பார்க்க வந்தவளுக்கு என்ன வேண்டும்?

அவளே சொன்னாள். வடக்கே எங்கேயோ டிசைன் படித்துவிட்டு வந்திருக்கிறாளாம். நம்ம ஊர் கலையையும் வாழ்க்கையையும் வைத்து ஒரு வரிசைத் தொப்பி பண்ணப் போகிறாளாம். சென்னிமலைப் போர்வைக் கரையை வைத்து ஒன்று. தேரில் தொங்கும் சீலையின் நிறங்களை வைத்து ஒன்று. சத்தியமங்கலத்து மலைகளின் கோடு நூலில் ஓடும்படி ஒன்று. சூலூர் வானத்தில் விமானம் போட்டுவிட்டுப் போகும் வெள்ளைக் கோட்டை வைத்து ஒன்று. தறிச் சத்தத்தை வைத்துக்கூட ஒன்று பண்ணுகிறாளாம். அந்தச் சத்தம் பிறந்ததிலிருந்து என் காதில் ஓசியில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதைத் தலையில் வேறு மாட்டிக்கொள்ள யார் வருவார்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ஆர்டர் கொடுக்க வந்தவளைக் கெடுப்பானேன்.

ஒவ்வொரு தொப்பியையும் எடுத்து, இதுக்கு இன்ஸ்பிரேஷன் என்னங்ணா என்று கேட்டாள். அந்த வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் தெரியாது. அர்த்தம் தெரியாத கேள்வியைக் கேட்கிறவர்கள் கடைசியில் கையெழுத்து கேட்பார்கள் என்பது என் அனுபவம். எங்கிருந்து தோணுச்சு என்று அவளே தமிழில் இறக்கிக் கேட்டாள். ஒரு தொப்பிக்கு உள்ளே சிவப்புத் துணி கொடுத்திருந்தேன். தோற்ற கட்சி விட்டுப்போன துணி அது. மாரியம்மன் நோம்பிக்குக் கட்டுகிற சிவப்பு என்றேன். இன்னொன்றில் தையல் கோணல்மாணலாக ஓடியிருந்தது. கரண்ட் போய்ப் போய் வந்த நாளில் தைத்தது. நொய்யல் ஆறு இப்படித்தான் வளைந்து போகும் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் மேலும் எனக்குச் சந்தேகம். நான் விடும் பொய்யைவிட அவள் நம்புவது பெரிய பொய்யாக இருக்குமோ என்று.

கடைசியில் எங்கப்பா தொப்பிக்கு வந்தாள்.

அந்தத் தொப்பிக்கு ஒரு கதை உண்டு, அது மட்டும் நிஜம். எங்கப்பா வாலிபத்திலிருந்து தோட்டத்தில் வேலைக்கு இருந்தவர். தோட்டத்து முதலாளியைப் பண்ணாடி என்பார்கள். பண்ணாடி வந்தால் தலைத்துண்டு அக்குளுக்குப் போய்விட வேண்டும். சட்டம் ஒன்றும் கிடையாது. சட்டம் இருந்தால் மீறலாம், இது கை தானாகப் பண்ணும் வேலை. பிறகு தோட்டமெல்லாம் வீட்டு சைட்டானது, பண்ணாடிமார் மில் வைத்தார்கள், எங்கப்பா வாட்ச்மேன் ஆனார். துண்டு போய் யூனிபார்ம் தொப்பி வந்தது. கார் வந்தால் அவர் கை அந்தத் தொப்பியையும் கழற்றி அக்குளில் வைத்தது. அந்த மில் கேட் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு, இரண்டு கையும் போட்டுத் தள்ள வேண்டும். ஒருநாள் தள்ளும்போது தொப்பி நழுவி விழுந்தது. காரின் முன்சக்கரம் அதன்மேல் ஏறியது. உள்ளே இருந்தவர் அதைக் கவனிக்கவே இல்லை என்று எங்கப்பா சொன்னார். அதை ஒரு நல்ல சேதி போலச் சொன்னார்.

தொப்பியைக் கழற்றாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன். சரி என்பார். அடுத்த கார் வந்தால் கை மேலே போய்விடும். அதனால் புத்திசாலி மகன் நான் என்ன செய்தேன்? சென்னிமலைத் துண்டில் மெத்தென்று ஒரு தொப்பி தைத்து, கழற்றியதும் இடுப்பில் மாட்டிக்கொள்ள ஒரு பட்டையும் பட்டனும் வைத்துக் கொடுத்தேன். ஊரில் எல்லாரும் போட்டுக்கொள்வதற்குத் தொப்பி தைக்கிறார்கள். கழற்றுவதற்கென்று தைத்த ஒரே முட்டாள் நான்தான்.

"இந்தப் பட்டை எங்கிருந்துங்ணா தோணுச்சு? நான் எங்கியுமே பாத்ததில்லீங்க," என்றாள்.

அதற்கு முன்னால், தன் ஊர் எது என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். அந்தப் பக்கத்துத் தோட்டங்களை எனக்குத் தெரியும். அவளுடைய தாத்தாவும் ஒரு பண்ணாடியாகத்தான் இருந்திருப்பார். அந்த வீட்டில் பிறந்தவளுக்கு இது தெரியாதா? தெரிந்துகொண்டே என் வாயால் வரவழைக்கப் பார்க்கிறாளா? இன்னொன்று. ஷெட்டுக்குள் வரும்போது அவள் எங்கப்பாவை "வாங்கய்யா" என்றாள். கோயமுத்தூர்ப் பக்கத்து மரியாதையை வெளியூர்க்காரர்கள் ஆஹா என்று புகழ்வார்கள். தோட்டத்து வீடுகளிலிருந்து எங்கப்பாவுக்கு அந்த மரியாதை வந்ததே இல்லை. பேரன் வயசுப் பையன்கூட வாடா என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். அவள் வாங்கய்யா என்றதும் எங்கப்பா பின்னால் வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.

நான் சொன்னேன், "அதுங்களா, சத்தியமங்கலத்துக்கு மேல மலைப்பாதையில கொரங்கு தொப்பியப் புடுங்கிப் போட்டுருமுங்க. அதுக்குத்தான் லாரிக்காரங்க இடுப்புல மாட்டிக்குவாங்க."

"குரங்கா?" என்று சிரித்தாள். நம்பிவிட்டாள். அல்லது நம்பியதுபோல் சிரித்தாள்.

அவள் போனபிறகு மனைவி மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏனுங்க, மாமனாரு தொப்பியக் கொரங்குக்குக் குடுத்துப்போட்டீங்களே," என்றாள். அவள் பத்தாவது வரை படித்தவள். எங்கள் வீட்டில் மூளை இருப்பது ஒரு தலையில்தான், அது தொப்பி போடுவதில்லை.

ஆர்டர் வந்தது. அந்தப் பட்டை வைத்த தொப்பிதான் வரிசைக்கே முதல் தொப்பி என்றாள். சீசன் இல்லாத நேரத்தில் வந்த வேலை, வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடியும் கேமராவோடு வந்தாள். கோயமுத்தூரில் ஒரு ஹாலில் கண்காட்சி வைக்கிறாளாம், சுவர் உயரத்துக்கு எங்கப்பா படம் வேண்டுமாம். முதல்நாள் முதுகுப்பக்கம் எடுத்ததைப் பார்த்துப் பார்த்து ஆசை வந்துவிட்டதாம்.

எங்கப்பாவுக்கு அதில் வெட்கமும் சந்தோஷமும். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பி வைத்து டயர் பக்கத்தில் நின்றார். அவள் கேமராவைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவர் தொப்பியைக் கழற்றி இடுப்பில் மாட்டினார்.

"போட்டுக்குங்கய்யா," என்றாள். போட்டார். அவள் ஓரடி முன்னால் வந்தாள். கை மேலே போனது, தொப்பி இடுப்புக்கு வந்தது. மறுபடி சொன்னாள், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார். புழுக்கமா இருக்குதுங்களா என்று கேட்டாள். ஆமாங்கம்மிணி என்றார். வெயில் அப்போது மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது, வெறுந்தலையோடு நின்றுகொண்டு தொப்பி புழுங்குகிறது என்றார். நான் ஷெட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் கேமராவைத் திருப்பி எங்களுக்குக் காட்டினாள். "இதுவே நல்லாருக்குங்ணா. தொப்பி இடுப்புல தொங்கறதுதான் ஸ்டைல். கண்காட்சிக்கு வர்ற மாடலுங்க எல்லாத்தையும் இப்படியே நிக்க வெக்கலாம்."

படத்தில் எங்கப்பா வெறுந்தலையோடு, கையைத் தளர விட்டு, லேசாகக் குனிந்து நின்றார். நான் பிறந்ததிலிருந்து பார்த்த நிற்பு. அது சுவர் உயரத்துக்குக் கோயமுத்தூரில் நிற்கப் போகிறது. பண்ணாடி வீட்டுக்காரர்கள் எல்லாம் ஏசியில் நடந்து வந்து, கையில் ஜூஸோடு அண்ணாந்து பார்த்து, ஆஹா என்ன ஸ்டைல் என்று சொல்லப் போகிறார்கள். அதன் கீழே குரங்குக் கதை.

அவள் தெரிந்துதான் செய்கிறாள் என்று முழுசாக நம்பிவிட்டேன்.

"அம்மிணி, அந்தக் கொரங்கு பொய்யிங்க," என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. துண்டு, அக்குள், கேட், கார்ச் சக்கரம் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கப்பாவை வைத்துக்கொண்டே சொன்னேன். அவர் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அவரு உங்களப் பாத்துத்தானுங்க கழட்டறாரு. புழுக்கமும் இல்ல, ஒண்ணுமில்ல. இந்தப் படத்த மாட்டறதா இருந்தா எங்களுக்கு ஆர்டரும் வேண்டாமுங்க, தொப்பியும் வேண்டாமுங்க."

ஆர்டர் வேண்டாம் என்றதும் மனைவியின் மெஷின் ஒருமுறை நின்று, பிறகு ஓடியது. அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அவள் முகம் சிவந்தது. அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. கோபப்படுவாள் என்று பார்த்தேன், அதுவும் இல்லை. சும்மா நின்றாள். பேசாமல் நிற்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகவே ஆகாது. உள்ளே என்ன ஓடுகிறது என்று யாருக்குத் தெரியும்? வீட்டில் இதையெல்லாம் சொல்லாமல் வளர்த்திருக்கலாம். சொல்லி வளர்த்திருந்தும் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்திருக்கலாம்.

பேசியது எங்கப்பாதான். "அம்மிணி, நீங்க போய்க் காருக்குள்ள உக்காந்துக்குங்க. கண்ணாடிய ஏத்திக்குங்க. கேமராவ இவன்கிட்டக் குடுங்க."

"ஐயா?"

"நீங்க நின்னா கை கேக்காதுங்க. நீங்க இல்லீன்னா நிப்பேன்."

அவள் கேமராவை என் கழுத்தில் மாட்டிவிட்டு, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டினாள். காருக்குள் போய், கண்ணாடியை ஏற்றி, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். திரும்பிப் பார்க்கிறாளா என்று நான் கவனித்தேன். பார்க்கவில்லை.

எங்கப்பா தொப்பியைப் போட்டுக்கொண்டார். நெற்றிவரை இழுத்துவிட்டார். என்னைப் பார்த்தார். பேப்பரில் வருகிற பெரிய மனிதர்கள் போல நிற்பார் என்று எதிர்பார்த்தேன். இல்லை, கேமரா பிடிக்கத் தெரியாத மகனைப் பார்க்கிற அப்பா எப்படி நிற்பாரோ அப்படி நின்றார். "டேய், வெரல எடுடா," என்றார். எடுத்தேன். மூன்று நாலு படம் கோணலாக வந்தது. ஒன்றில் தொப்பி மட்டும், ஒன்றில் டயர் மட்டும். ஒன்று சுமாராக வந்தது.

அவள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, வாரேனுங்ணா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். ஆர்டரை நிறுத்தவில்லை. ஆனால் அந்தப் பட்டை வேண்டாம், தொப்பி மட்டும் போதும் என்று இரண்டு நாள் கழித்துச் சேதி அனுப்பினாள். எதற்கு வேண்டாம் என்று எழுதவில்லை. எங்களுக்காகப் பட்டையை எடுத்துவிட்டாளா, அவள் வீட்டுக்காரர்கள் பார்த்துக் கேள்வி கேட்பார்கள் என்று எடுத்தாளா? தொப்பி தைத்த நாளெல்லாம் இதையே மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். "ரெண்டாவும்தான் இருந்துட்டுப் போகட்டுமே, ஊசியப் பாருங்க," என்றாள். ஊசியைப் பார்க்காததால் அன்றைக்கு விரலில் ஏறியது.

எந்தப் படத்தை மாட்டியிருக்கிறாள் என்பதுதான் எனக்கு முக்கியம். யாரையும் நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்கிற ஆள் நான் இல்லை. கண்காட்சி அன்றைக்கு மூவரும் பஸ் பிடித்துக் கோயமுத்தூர் போனோம். எங்கப்பா தன் சொந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டார். வெறுந்தலைப் படம் தொங்கினால் என்ன செய்வது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். கிழிப்பது என்றால் எவ்வளவு உயரத்தில் இருக்கும், ஏறுவதற்கு நாற்காலி இருக்குமா என்றெல்லாம்.

ஹாலுக்குள் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் எங்கப்பா நின்றார். தலையில் தொப்பி. என்னைப் பார்த்து விரலை எடுக்கச் சொல்கிற முகம். நான் எடுத்த படம், ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் இருந்தது. கீழே ஏதோ எழுதியிருந்தார்கள். மனைவி படித்துப் பார்த்து, குரங்கு இல்லை என்றாள். துண்டுத் துணித் தொப்பி, சூலூர், தைத்தவர் தன் தகப்பனாருக்காகத் தைத்தது, அவ்வளவுதானாம். இதில் என்ன சூழ்ச்சி இருக்கும் என்று பார்த்தேன். அப்போதைக்குப் பிடிபடவில்லை.

தேர்ச்சீலை நிறத் தொப்பியையும் மலைக்கோட்டுத் தொப்பியையும் எங்கப்பா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். அப்போது அந்தப் பெண் ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு எங்களிடம் வந்தாள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் கார்ச் சாவி. எங்கப்பா வயசுக்கு ஒன்றிரண்டு கூடவோ குறைவோ. இவரு எங்க தாத்தாங்க என்றாள்.

எங்கப்பா கை மேலே போனது. தடுக்க நினைத்தேன், முடியவில்லை. தொப்பி கழன்று இடுப்புக்கு வந்தது, பட்டன் அழுந்திய சத்தம் எனக்குக் கேட்டது. அவள் தரையைப் பார்த்தாள்.

பெரியவர் எங்கப்பாவைப் பார்த்தார். சுவரில் இருந்தவரைப் பார்த்தார். மறுபடி எங்கப்பாவைப் பார்த்தார். "அது நீங்களாங்க?" என்றார். அந்த மரியாதையை அவர் நாக்கு எங்கிருந்தோ தேடி எடுத்து வந்ததுபோல் இருந்தது. பேத்தி சொல்லிக்கொடுத்து அழைத்து வந்திருப்பாளோ என்றும் தோன்றியது.

எங்கப்பாவும் திரும்பிச் சுவரைப் பார்த்தார். அண்ணாந்து, ரொம்ப நேரம். நெற்றிவரை இழுத்துவிட்ட தொப்பியோடு மேலே நின்ற ஆளை அவருக்கு முன்பின் தெரியாது என்பதுபோல் பார்த்தார்.

"நாந்தானுங்க," என்றார். சொல்லிவிட்டு இடுப்பில் பட்டனைப் பிரித்தார். தொப்பியை எடுத்துத் தட்டினார். அந்தப் பெரியவர் முன்னாலேயே தலையில் வைத்து, முன்பக்கத்தை இழுத்துவிட்டார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் அவரே, "ஏசி குளுருதுங்க," என்றார்.

எனக்குச் சந்தேகம். மேலே பார்த்தேன். ஏசி ஓடவில்லை, வெறும் ஃபேன்தான் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கப்பா சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது.